பாவற்காய்ச் சாறும் ஒரு கேள்வியும்

என் அண்ணர் நீரிழிவுக்காரர். அல்லைப்பிட்டியிலிருந்து மண்டைதீவைக் கடந்து, பண்ணைப் பாலத்தால் பட்டினம் சென்று குளிசை வாங்கி வருபவர். சென்ற ஆண்டு ஒரு விடியற்புறம் உடல் வியர்த்து, கை நடுங்கி, நாக்குழறி விழுந்துவிட்டார். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியிலே குளிசைகளின் பெயர்களை வினவினார்கள், வேறொன்றும் வினவவில்லை.

வீடு வந்தபின் வினவியவன், வைத்தியம் படிக்கும் எங்கள் தங்கையின் மகன்.

"பெரிய மாமா, குளிசையோடை வேறை ஏதும் குடிக்கிறனீங்களோ?"

"மருந்தொண்டும் இல்லைத் தம்பி. காலமை வெறுவயித்திலை பாவற்காய்ச் சாறு மாத்திரம்."

பாவற்காய்க்கும் சீனியைக் குறைக்கும் தன்மை உண்டு. அண்ணர் அதை மறைத்ததற்குக் காரணம் வேறு: முன்பொருமுறை கைமருந்தென்று வாய்திறந்து, ஒரு டாக்டரிடம் ஏச்சு வாங்கியவர் அவர்.

மருமகனைக் கேட்கத் தூண்டியது கல்லூரிப் பாடமன்று. தன் பேரனார் நாட்டு வைத்தியர் என்ற வீட்டு ஞாபகமே. அதுதான் என்னை உறுத்துகிறது.

யாழ்ப்பாணத்தில் வைத்தியக் கல்வி நேற்று முளைத்ததன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களையும் தந்தார். நாட்டு வைத்தியத்தை அவர் பெரிதாய் மதித்தவரல்லர். ஆயினும் இந்திய மருந்துச் சரக்குகளை விவரிக்கும் வாரிங்கின் நூலைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவரும் அவரே. எதிர்ப்பவனும் சரக்கை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மேனாட்டு வைத்தியமும், 1984 முதல் சித்த வைத்தியமும் கற்பிக்கப்படுகின்றன. இரு சாராரிடமும் போய் நிற்பவர் பெரும்பாலும் ஒரே நோயாளிதான்.

வருங்கால டாக்டர்களைச் சித்த வைத்தியராக்கும்படி நான் கேட்கவில்லை. இரசம் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதையும், புடையன் தீண்டியவனைப் பார்வை பார்க்கக் கொண்டுபோய்க் காலங்கடத்துவது உயிருக்கு உலை வைக்கும் என்பதையும் அதே பாடத்தில் சொல்லத்தான் வேண்டும். சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949 இல் எழுதியதையும், 1952 இல் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பீன் பிரித்தெடுக்கப்பட்டதையும் படிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஏசாமல் கேட்கப் பழகட்டும்.

அன்று மாலை மருமகன், அண்ணரின் கிளினிக் கொப்பியில் குளிசைகளின் பெயர்களுக்குக் கீழே பாவற்காய்ச் சாற்றையும் அதன் அளவையும் எழுதிவைத்தான்.

"உதையெல்லாம் டாக்குத்தருக்குக் காட்டலாமோ, தம்பி?" என்று அண்ணர் இருமுறை கேட்டார்.