சயாட்டிகா வலியும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

இடுப்பிலே தோன்றி, பிருஷ்டத்தின் வழியாகத் தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்காலையும் கடந்து பாதம் வரையில் சுளீரென்று இழுக்கும் வலியை அனுபவித்தவர்களுக்கு, அதன் பெயர் சயாட்டிகா என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே அதன் குணம் நன்றாகத் தெரிந்திருக்கும். இருமினாலும் தும்மினாலும் அது காலை வெட்டி இழுக்கும். உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. இரவில் எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் நித்திரை வராது. ஆயுர்வேதம் கிருத்ரசி என்று பெயரிட்டு வாத ரோகங்களுள் சேர்த்திருக்கும் இந்த உபாதை மனித குலத்துக்குப் புதியதன்று. இத்தாலியிலே நேபிள்ஸ் நகரத்து வைத்தியர் கோடுன்யோ 1764-ஆம் ஆண்டில் இதைப் பற்றியே தனி நூல் எழுதி, மூட்டிலிருந்து வரும் வலி வேறு, நரம்பிலிருந்து வரும் வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆயினும் அந்த நரம்பை நெருக்குவது பெரும்பாலும் விலகிய ஜவ்வுதான் என்ற உண்மை வைத்திய உலகத்தில் வேரூன்றியது, 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இரு சர்ஜன்கள் தங்கள் கட்டுரையை வெளியிட்ட பிறகுதான்.

முதுகெலும்பின் கணுக்களுக்கு நடுவே, நுங்கைப்போல மெத்தென்ற உட்பொருளும் அதைச் சுற்றி உறுதியான நார்ப்பட்டையும் கொண்ட ஜவ்வு ஒன்று அமைந்திருக்கிறது. வயதினாலோ பளுவினாலோ பட்டை நைந்து, உட்பொருள் பின்புறமாகப் பிதுங்கும்போது, அருகிலே ஓடும் நரம்பு வேரை அது அழுத்துவதோடு, அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளிலேதான் இது அதிகமாக நேருகிறது. அங்கிருந்து புறப்படும் வேர்கள் கீழே வேறு சில வேர்களோடு சேர்ந்து உடலிலேயே மிகப் பருமனான நரம்பாகிக் காலுக்கு இறங்குவதால், பழுது இடுப்பில் இருக்க, வேதனை பாதத்தில் தெரிகிறது.

இவ்வளவு கடுமையான வியாதியாயினும், பிதுங்கிய பொருளை உடம்பே சிறிது சிறிதாகக் கரைத்துவிடும் சக்தி உடையது என்பதை நோயாளிகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் கடும் சயாட்டிகாவால் அவதிப்பட்ட 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷனும், மற்றவர்களுக்குப் பொறுத்திருந்து தேவைப்பட்டால் மாத்திரம் ஆபரேஷனும் செய்து பார்த்தார்கள். ஆபரேஷன் வலியைச் சீக்கிரம் தணித்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தார்கள். ஆகவே பெரும்பாலோருக்கு எழும் கேள்வி, குணமாகும் வரையில் இந்த அவஸ்தையைத் தாங்குவது எப்படி என்பதே. கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு இடமிருப்பது அங்கேதான்.

அமெரிக்காவில் ஐயோவா மாகாணத்து டேவன்போர்ட் நகரில், 1895-இல், டி. டி. பால்மர் என்பவர் தோற்றுவித்த முறை இது. செவிப்புலன் குன்றிய ஒரு தொழிலாளியின் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்து, கேட்கும் சக்தியை மீட்டதாக அவர் சொன்னார். அநேகமாக எல்லா ரோகங்களுக்கும் கணுக்களின் பிசகே காரணம் என்ற சித்தாந்தத்தையும் வகுத்தார். விஞ்ஞானம் அந்தச் சித்தாந்தத்தை ஏற்கவில்லை, ஏற்காதது நியாயமே. ஆனால் ஸ்தாபகரின் தத்துவம் பிழையாயிருந்தால் அவர் விட்டுச்சென்ற கைத்தொழிலும் பயனற்றது என்று தீர்ப்பளிப்பது அவசரபுத்தி; இரண்டையும் தனித்தனியே பரீட்சிப்பதுதான் முறை.

கைதேர்ந்தவர் முதலில் நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தி, எந்த உயரத்தில் வலி பாய்கிறது என்று கவனிப்பார். கால் கட்டைவிரலைத் தம் கைக்கு எதிராக மேலே தூக்கச் சொல்லிப் பலத்தைச் சோதிப்பார். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேற்காலை மடக்கி, இடுப்பில் உள்ளங்கையை ஊன்றி, க்ஷணநேரத்தில் முடிகிற ஓர் அழுத்தம் கொடுப்பார். அப்போது 'சொடக்' என்று கேட்கும் சத்தம் எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிய சத்தமென்று பலர் நம்புகிறார்கள். அது மூட்டு நீரில் வாயுவினால் உண்டாகும் சத்தமேயன்றி வேறன்று. விலகிய ஜவ்வைக் கையால் உள்ளே தள்ளிவிடுவதாக யாராவது வாக்களித்தால் நம்பவேண்டாம். தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி, மூட்டுக்கு அசைவு தந்து, வலியின் உணர்வைத் தணிப்பதே இந்தக் கைகளால் ஆகக்கூடிய உதவி.

அந்த உதவி சிறிதுதான் என்றாலும் பொய்யன்று. இத்தாலியில், ஜவ்வுப் பிதுக்கத்தோடு திடீர் முதுகுவலியும் சயாட்டிகாவும் கண்ட 102 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆராய்ச்சியில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குக் கால்வலி அறவே நீங்கியது. பாவனையாக மாத்திரம் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேருக்குத்தான் நீங்கியது. அமெரிக்காவில் 192 பேரிடம் நடந்த இன்னோர் ஆராய்ச்சியில், வீட்டுத் தேகப்பயிற்சியோடு இச்சிகிச்சையும் பெற்றவர்களுக்கு, பயிற்சி மாத்திரம் செய்தவர்களைவிடப் பன்னிரண்டு வாரத்தில் வலி அதிகமாகக் குறைந்திருந்தது; ஓராண்டுக்குள் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளும், தேகப்பயிற்சியோடு சேர்த்தே கைச்சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கின்றன. என் அபிப்பிராயமும் அதுவே: நடையும் பயிற்சியும் பிரதானம், கைச்சிகிச்சை அதற்குத் துணை.

எனவே வலி மாத்திரமே உள்ளவர்கள், முதலில் டாக்டரிடம் காட்டிக்கொண்டு, முறையாகப் படித்துத் தேர்ந்தவரைத் தேடிச் சில வாரங்கள் முயன்று பார்க்கலாம். பலன் தெரியாவிட்டால் மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டாமல் நிறுத்திவிடுங்கள். எலும்பு தேய்ந்து பலவீனமானவர்களும், புற்றுநோய்க்கு ஆளானவர்களும், காய்ச்சலோடு முதுகுவலி கண்டவர்களும் பலமான அழுத்தத்துக்குத் தங்கள் முதுகைக் கொடுக்கவே கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாமற் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்கமுடியாமல் தொங்கினாலோ, எந்தக் கைச்சிகிச்சையையும் நாடாமல், விடியட்டும் என்றும் காத்திராமல், அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.