பிஎச்பியில் ஹெடர் எடுப்பதும், நான் அழித்த சுட்டிகளும்

என் பழைய குறிப்புகளில் இருக்கும் சுட்டிகளில் எதெல்லாம் செத்துப்போச்சு என்று பார்க்க, பிஎச்பியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது நல்ல சுட்டிகளையும் சேர்த்து அழித்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். இங்கே எழுதி வைக்கிறேன், உங்களுக்காவது உதவட்டும்.

ஒரு பக்கத்தைக் கேட்டால், உள்ளடக்கத்துக்கு முன்னால் சர்வர் சில வரிகளை அனுப்பும். முதலில் நிலை வரி. 200 என்றால் பக்கம் இருக்கு, 404 என்றால் இல்லை, 301 என்றால் நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போயாச்சு. அடுத்து வருபவை ஹெடர்கள்: உள்ளடக்கத்தின் வகை, அளவு, இப்படி. இவற்றை எடுக்க பிஎச்பியில் 'கெட்_ஹெடர்ஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கு. முகவரியைக் கொடுத்தால் எல்லா வரிகளையும் ஒரு அர்ரேயாகத் தரும். சர்வரை எட்டவே முடியாவிட்டால் 'ஃபால்ஸ்' வரும்.

நான் அர்ரேயின் 0-ஆவது இடத்தில் 200 இருக்கான்னு மட்டும் பார்த்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். 301 வந்தால் இந்த ஃபங்ஷன் நிற்காது. புது முகவரிக்குத் தானே போய், அங்கே கிடைத்த வரிகளையும் அதே அர்ரேயில் பின்னால் சேர்த்துவிடும். ஆக, 0-வில் இருப்பது முதல் பதில். நமக்கு வேண்டியது கடைசிப் பதில். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிய தளங்கள் பல, பழைய முகவரிக்கு 301 சொல்லிவிட்டு அப்புறம்தான் 200 தரும். உயிரோடு இருந்த அவற்றுக்கெல்லாம் என் நிரல் இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது!

தீர்வு சுலபம். அர்ரேயைக் கடைசியிலிருந்து பாருங்க. 'எச்டிடிபி/' என்று தொடங்கும் வரி எது முதலில் கண்ணில் படுதோ, அதுதான் இறுதி நிலை.

இன்னும் இரண்டு விஷயம். இரண்டாவது ஆர்குமெண்டை 'ட்ரூ' என்று கொடுத்தால் ஹெடர் பெயரே சாவியாக வரும். ஆனால் ஒரே பெயர் இரண்டு முறை வந்திருந்தால் அந்த இடத்தில் ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஒரு அர்ரே உட்கார்ந்திருக்கும். அதைச் சோதிக்காமல் பயன்படுத்தாதீங்க.

அடுத்து, இந்த ஃபங்ஷன் வழக்கமாக 'கெட்' முறையில்தான் கேட்கும். ஹெடர் மட்டும் போதும் என்றால் 'ஹெட்' முறை சரி. பிஎச்பி 7.1 முதல் மூன்றாவது ஆர்குமெண்டாக ஒரு கான்டெக்ஸ்ட் கொடுத்து இதை மாற்றலாம். சில சர்வர்கள் 'ஹெட்'டை ஏற்காமல் 405 சொல்லும். அப்போது மட்டும் 'கெட்'டில் மறுபடி கேட்டுப் பாருங்க.

பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். இப்போது என் நிரல் எதையும் அழிப்பதில்லை, பட்டியல் மட்டும் போடுகிறது. அழிப்பது என் கையில்.