மாடிக்கு ஆள் வந்தால் தரகருக்கு எவ்வளவு?

கீழே கடை, மேலே வீடு என்று கட்டிக்கொண்ட நம் வியாபாரப் பெருமக்கள் பலருக்கு, பிள்ளைகள் வேலை, படிப்பு என்று வெளியூர் போன பிறகு மாடிப் போர்ஷன் பூட்டிக் கிடக்கிறது. தெருமுனைத் தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறோம். ஆள் வருகிறது, அட்வான்ஸ் வருகிறது, பின்னாலேயே தரகர் கணக்கும் வருகிறது. பருப்பு மூட்டைக்குத் தரகு கால் ரூபாய் கூடினால் மண்டியில் மணிக்கணக்கில் வாதாடும் நாம், இங்கே மட்டும் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புகிறோம்.

நகரங்களில் பொதுவாகக் கேட்பது ஒரு மாத வாடகை. சில இடங்களில் அரை மாதத்தோடு முடிகிறது. குடிவருபவரிடம் ஒரு மாதம், உரிமையாளரிடம் ஒரு மாதம் என்று இரு கையிலும் வாங்குவோரும் உண்டு. இது எந்தச் சட்டமும் போட்ட விகிதம் அல்ல. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அது மனை, அடுக்குமாடி விற்றுத் தருகிறவர்களுக்கானது. தமிழ்நாட்டில் 22-2-2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. தரகு இவ்வளவு என்று அதுவும் நிர்ணயிக்கவில்லை. ஆகவே வாய்ப்பேச்சில் என்ன முடிந்ததோ அதுதான் விகிதம். பேச்சே முடியவில்லை என்றால் தகராறுதான்.

கணக்கைப் பார்ப்போம். வாடகை மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். 11 மாதத்தில் வரவு 1,32,000. ஒரு மாதத் தரகு 12,000 என்றால் நூற்றுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் போகிறது. வந்தவர் ஆறே மாதத்தில் காலி செய்துவிட்டால் வரவு 72,000. தரகு ஆறில் ஒரு பங்கு. அடுத்த ஆளுக்கு மறுபடி ஒரு மாதம். தரகர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதம் சேர்ந்து 14,160 ஆகும். இத்தனை மாதத்துக்குள் ஆள் போய்விட்டால் அடுத்த ஆளைப் பாதித் தரகுக்குப் பிடித்துத் தரவேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். கேட்டால் பல தரகர்கள் ஒப்புக்கொள்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

பெரிய வம்பு புதுப்பிக்கும்போது வருவது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால்தான் 11 மாத வழக்கம் வந்தது. அதே குடித்தனக்காரர், அதே வீடு, தேதி மட்டும் மாறுகிறது. அதற்கும் சிலர் தரகு கேட்கிறார்கள். மூட்டையை ஒருமுறை விற்றுக் கொடுத்த கமிஷன் ஏஜெண்ட், அந்த வாடிக்கையாளர் நம் கடைக்கு வரும்போதெல்லாம் கமிஷன் கேட்டால் கொடுப்போமா? புதுப் பத்திரம் எழுதும் கூலியைக் கொடுக்கலாம், அதுவும் அவர் எழுதினால்.

இங்கிலாந்திலும் இந்தச் சண்டை உண்டு. ஃபாக்ஸ்டன்ஸ் என்ற லண்டன் ஏஜென்சி, ஒப்பந்தம் நீளும்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் கமிஷன் வாங்கும் விதியை அச்சடித்த படிவத்தில் வைத்திருந்தது. சாதாரண வீட்டுச் சொந்தக்காரருக்கு இது நியாயமற்றது என்று 2009-ல் அங்குள்ள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019 ஜூன் முதல் தேதியிலிருந்து குடியிருப்பவரிடம் ஏஜெண்டுகள் பெரும்பாலான கட்டணங்களை வாங்கக் கூடாது என்றும் சட்டம் வந்துவிட்டதால், அங்கே அவர்கள் கை நீட்டக்கூடிய இடம் வீட்டுக்காரர் மட்டுமே.

நம் ஊரில் கைகொடுப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். தனியாக வேறு பேச்சு இல்லாவிட்டால், ஏற்ற வேலை முடிந்த பிறகே ஏஜெண்டுக்கு ஊதியம் என்கிறது 219-ஆவது பிரிவு. ஆகவே ஆளைக் காட்டியதற்கே பாதி கொடுங்கள் என்றால் தரவேண்டியதில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். வேலையில் முறைகேடு செய்தால் அந்தப் பகுதிக்கு ஊதியம் கேட்க உரிமை இல்லை என்கிறது 220. ஆனால் 217-ஐயும் பாருங்கள்: நம் கணக்கில் வாங்கிய பணத்திலிருந்து தமக்கு வரவேண்டியதை ஏஜெண்ட் பிடித்துக்கொள்ளலாம். எனவே அட்வான்ஸ் தரகர் கைக்குப் போக விடாதீர்கள். நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். பிறகு தரகைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று தரகரிடம் சொல்லி வைப்பவர்கள், யார் எந்தத் தேதியில் யாரை அழைத்து வந்தார் என்று கடை டைரியில் ஒரு வரி குறித்து வையுங்கள். ஒரே ஆளை இருவர் கூட்டி வந்து, இருவரும் கல்லாவுக்கு முன் நின்று சண்டை போடுவது நடக்கிற சங்கதிதான்.

கடைசியாக வருமான வரி. வீட்டு வாடகை வருமானத்தில் வீட்டுவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தை அரசே பொதுவாகக் கழித்து விடுகிறது. பழுது பார்த்தது, வாடகை வசூல் செலவு, தரகு எல்லாம் அந்த முப்பதுக்குள் அடக்கம். தரகர் ரசீதைக் காட்டித் தனியாகக் கழிக்கச் சொல்லி ஆடிட்டரை நெருக்குவதில் பயனில்லை. கடைக் கணக்கில் செலவாக எழுதிவிடுவதும் சரியல்ல.