நம் ஊர் ஆஸ்பத்திரி

காலை எட்டு மணி. ஊர் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். ஒரு அம்மா வரிசையில் நிற்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை தீர்ந்துவிட்டது. அதற்காக அன்று வேலைக்குப் போகவில்லை. கூலியும் இல்லை. ஒரு மணிக்கு அவர் முறை வருகிறது. "மாத்திரை இருப்பு இல்லை. அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறார்கள்.

அடுத்த வாரம் வந்தால் இன்னொரு நாள் கூலி போகும். அந்த அம்மா என்ன செய்வார்? வராமலே இருந்துவிடுவார். மாத்திரை நின்றுபோகும். நாளடைவில் கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடும்.

இப்படிப்பட்ட காட்சியை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். "எல்லாம் நம் தலைவிதி" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பியும் இருக்கிறோம். இது தலைவிதியா? இல்லை. இதை மாற்ற வழி உண்டு. அந்த வழியில் நமக்கும் பங்கு உண்டு.

ஆஸ்பத்திரி யாருடையது?

1978-ஆம் ஆண்டு அல்மா அட்டா என்ற ஊரில் உலக நாடுகள் ஒரு மாநாட்டில் கூடின. மக்களின் உடல்நலம் பற்றிப் பேசின. மருத்துவ சேவையைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமை, அது அவர்களின் கடமையும் கூட என்று அங்கே அறிவித்தார்கள்.

கேரளத்தில் இதற்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1995-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பொறுப்பு கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியது. திட்டப் பணத்தில் பெரும் பங்கு பஞ்சாயத்துகளுக்கு வந்தது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று கிராம சபையில் மக்கள் பேசினார்கள். சாலை வேண்டும், கிணறு வேண்டும் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் வேண்டும், மருந்து வேண்டும் என்றும் கேட்டார்கள்.

செம்மருதியில் வந்த மாற்றம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வர்க்கலாவுக்கு அருகே செம்மருதி என்ற ஊர் இருக்கிறது. 2017-இல் கேரள அரசு 'ஆர்த்ரம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் கட்டத்தில் 170 ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய நிலையங்களாக மாற்ற முடிவு செய்தார்கள். அப்படி முதலில் மாறியவற்றில் செம்மருதி நிலையமும் ஒன்று.

என்ன மாறியது? முன்பெல்லாம் இப்படிப்பட்ட நிலையங்களில் காலையில் மட்டும்தான் டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. புதிய திட்டத்தில் மாலை ஆறு மணி வரை ஓ.பி. நடத்த ஏற்பாடு செய்தார்கள். வேலை முடிந்த பிறகும் போகலாம்.

உட்கார நாற்காலி போட்டார்கள். டோக்கன் கொடுத்தார்கள். டாக்டரிடம் போகும் முன்பே நர்ஸ் எடை பார்ப்பார். ரத்த அழுத்தம் பார்ப்பார். பழைய விவரங்களைக் கேட்டுக் குறிப்பார். இதனால் டாக்டருக்கு நோயாளியிடம் பேச நேரம் கிடைக்கும். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் தனிக் கிளினிக்குகள் வந்தன.

மாலை ஓ.பி.க்குக் கூடுதல் ஆள் வேண்டுமே? பஞ்சாயத்துகளும் தங்கள் பணத்திலிருந்து டாக்டரையும் மற்ற ஊழியரையும் நியமித்தன. பஞ்சாயத்துப் பணம் நம் பணம். ஆகவே கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

எங்கே பேசுவது?

ஆஸ்பத்திரியில் நின்று சத்தம் போட்டால் அன்றைய கோபம் தீரும். குறை தீராது. பேச வேண்டிய இடங்கள் வேறு.

முதல் இடம் கிராம சபை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நாம் போகாவிட்டால் கூட்டமே இல்லை.

இரண்டாவது இடம் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு. இதற்குப் பஞ்சாயத்துத் தலைவர் தலைமை வகிப்பார். டாக்டரும் இதில் இருப்பார். ஆஸ்பத்திரியின் தேவைகளை இந்தக் குழு பேசி முடிவு செய்யும். தமிழ்நாட்டில் இதுபோன்ற அமைப்புக்கு நோயாளர் நலச் சங்கம் என்று பெயர். உங்கள் வார்டு மெம்பரையோ ஆஷா பணியாளரையோ கேளுங்கள். குழு எப்போது கூடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வழி தரச் சோதனை. அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தேசியத் தரச் சான்று கொடுக்கிறார்கள். இதற்கு 100-க்கு 70 மதிப்பெண்ணாவது வேண்டும். சோதிக்க வருபவர்கள் நான்கு வகையில் பார்ப்பார்கள். இடத்தை நேரில் பார்ப்பார்கள். ஊழியரிடம் கேட்பார்கள். பதிவேடுகளைப் படிப்பார்கள். நோயாளியிடமும் கேட்பார்கள். உங்களிடம் கேட்டால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். நல்லதையும் சொல்லுங்கள், குறையையும் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது?

"இந்த ஆஸ்பத்திரி சரியில்லை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த நாள், எத்தனை மணி, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று நான்கும் சொல்லுங்கள். "இந்த மாதம் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் சர்க்கரை மாத்திரை இல்லை. எங்கள் தெருவில் பன்னிரண்டு பேருக்கு இதே நிலை" என்று சொல்லிப் பாருங்கள். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

யாரால் தீர்க்க முடியும் என்றும் யோசியுங்கள். டோக்கன் முறையை ஆஸ்பத்திரியே சரி செய்யலாம். குடிநீரையும் பெஞ்சையும் பஞ்சாயத்து செய்து தரலாம். நிரந்தர டாக்டர் பதவியை அரசுதான் தர வேண்டும். ஒரு வருடத்துக்கு எவ்வளவு மருந்து தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கேட்கிறார்கள். நாம் பெயரைப் பதியாமல் வெளியே கடையில் மாத்திரை வாங்கினால் என்ன ஆகும்? நம் தேவை அந்தக் கணக்கில் வராது. அதனால் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

தமிழில் எழுதலாமா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். "எனக்கு மலையாளம் எழுதத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். நம் அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவைப் பாருங்கள். குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. தமிழிலேயே எழுதுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மனுவைப் பெற்றதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

பதில் வரவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் விவரம் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உடல்நலம் பற்றிய சந்தேகங்களுக்குக் கேரளத்தில் 'திஷா' என்ற தொலைபேசி உதவி இருக்கிறது. அதன் எண் 1056.

நம் கடமை

டாக்டரும் நர்ஸும் நம் எதிரிகள் அல்ல. கூட்டம் அதிகமானால் அவர்களும் களைத்துப் போவார்கள். அவர்களைத் தாக்குவது பெரிய குற்றம். இதற்காக 2012-இல் கேரளம் தனிச் சட்டம் செய்தது. 2023-இல் தண்டனையைக் கடுமையாக்கியது.

கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. கை கொடுக்கவும் வேண்டும். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் சேவையைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் சிலர் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகத் தொண்டர்கள் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருவது இன்று பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

இப்போது அந்த அம்மாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் தனியாக நின்றால் வெறுங்கையோடு திரும்புவார். தெருவில் உள்ள பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கிராம சபைக்குப் போகும். நிர்வாகக் குழுவுக்குப் போகும். கணக்கில் ஏறும்.

நாம் எழுதக் கற்றுக்கொண்டோம். நம் பெயரை எழுதுகிறோம். இனி நம் தேவையையும் எழுதுவோம்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊர் ஆஸ்பத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கிறது?
அங்கே நீங்கள் கண்ட நல்ல காரியம் ஒன்று சொல்லுங்கள். மாற வேண்டியது எது?
அடுத்த கிராம சபை எப்போது? உங்களோடு யார் யார் வருவார்கள்?