அந்த டை யாருக்குச் சொந்தம்?

2008-ல் தமிழக அரசும் ரெனோ-நிசான் கூட்டணியும் ஒரகடத்தில் கார் ஆலை அமைக்க ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. நீங்கள் முதலீடு கொண்டுவாருங்கள், நாங்கள் சலுகை தருகிறோம் என்பது அதன் சாரம். 2010-ல் ஆலை திறந்தது. ஊக்கத்தொகை பாக்கி நிற்கிறது என்று 2017-ல் நிசான் வழக்குக்குப் போனது. பாக்கி, நஷ்டஈடு, வட்டி எல்லாம் சேர்த்து 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது.

தொகையை விட, வழக்கு போன இடம்தான் வியப்பு. காஞ்சிபுரம் கோர்ட்டைத் தாண்டி, சென்னை உயர் நீதிமன்றத்தையும் தாண்டி, சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. எதிர்த்தரப்பில் நின்றது இந்திய அரசு. நிசான் பிடித்துக்கொண்ட ஆவணம், 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த உடன்படிக்கை பிறக்கவே இல்லை! 2019 ஏப்ரலில் தீர்ப்பாயம், விசாரிக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்றது. பிறகு விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

‘எம்ஓயு தானே, போட்டோவுக்குக் கையெழுத்து’ என்று அலட்சியமாகப் பேசுபவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லலாம். ஆனால் இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2008-ல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் 2011-ஐ எழுதியிருக்க முடியாது. தெரியாத நாளைக்கும் சேர்த்து இன்றைக்கே எழுதவேண்டியிருப்பதுதான் ஒப்பந்தக் கலையின் சங்கடம்.

நம் சட்டக் கல்லூரிகள் இதைச் சொல்லித் தருகின்றனவா? பார் கவுன்சில் 2008-ல் வகுத்த விதிகளின்படி டிராஃப்டிங், பிளீடிங், கன்வேயன்சிங் என்ற செய்முறைத் தாள் கட்டாயம். மனுக்களும் பிராதுகளும் 15 பயிற்சிகள், 45 மதிப்பெண். பத்திரங்கள் 15 பயிற்சிகள், 45 மதிப்பெண். மீதி 10 வாய்மொழித் தேர்வுக்கு. பத்திரம் என்றால் கிரயம், அடமானம், குத்தகை, தானம், பவர், உயில். நல்ல பட்டியல்தான், வயலும் வீடும் கைமாறும் ஊருக்கு வேண்டியது. கிரயப் பத்திரத்தில் பணம் கைமாறிவிட்டது, நிலமும் கைமாறிவிட்டது. நடந்ததை எழுதி முடித்தால் போதும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரவிக் கிடக்கும் தொழிற்சாலைகள் ஓடுவதோ சப்ளை ஒப்பந்தத்தில். அது இனிமேல் நடக்கப்போகும் ஐந்தாறு வருஷத்தைப் பற்றியது. பட்டியலில் அதற்குப் பெயரில்லை.

ஒரு டையை எடுத்துக்கொள்வோம். கார் கதவின் உள்தகட்டை அழுத்தி எடுக்கும் எஃகு அச்சு. கிரேன் இல்லாமல் நகராது. கார் கம்பெனிக்குப் பாகங்கள் செய்து தரும் வெண்டரின் பிரஸ் ஷாப்பில், வெண்டரின் கூரைக்குக் கீழே, வெண்டரின் ஆட்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கவாட்டில் திருகி வைத்த தகடு, இது கார் கம்பெனியின் சொத்து என்கிறது.

டைக்கு ஆன செலவு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி மொத்தமாகத் தராமல், 1,20,000 பீஸ் வாங்குவோம், பீஸுக்கு 50 ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறது. கணக்கு நேராகிவிட்டது. 70,000 பீஸிலேயே அந்த மாடல் விற்காமல் நின்றுபோகிறது. இப்போது 25 லட்சம் தொங்குகிறது. யார் தலையில்? அந்தப் பாக்கி தீரும்வரை டை யாருடையது, வெண்டர் அதைப் பூட்டி வைக்கலாமா, அதே டையில் வேறொருவருக்குக் கதவு அடித்துத் தரலாமா? ஒரே ஒரு பத்தியில் விட்டுப்போன ஒரு வரிக்கு விலை 25 லட்சம்.

பொருளாதார அறிஞர்களுக்கு இது பழைய புதிர். 1919-ல் ஜெனரல் மோட்டார்ஸ், காரின் மேற்கூடு செய்யும் ஃபிஷர் பாடி நிறுவனத்தோடு 10 வருஷ ஒப்பந்தம் போட்டது. விலை, செலவுக்கு மேல் 17.6 சதவீதம். செலவு கூடக் கூட லாபமும் கூடும் கணக்கு இது. கடைசியில் 1926-ல் ஃபிஷரை முழுசாகவே வாங்கிவிட்டது. ஃபிஷர் கழுத்தைப் பிடித்ததால்தான் வாங்கினார்கள் என்று 1978-ல் மூன்று பேர் எழுதினார்கள். அப்படி ஒன்றும் பிடிக்கவில்லை என்று 2000-ல் நோபல் பரிசாளர் ரொனால்ட் கோஸ் மறுத்தார். பேராசிரியர்கள் சண்டை ஓய்வதில்லை.

இன்னொரு பொருளாதார அறிஞர் ஆலிவர் ஹார்ட் இன்னும் அடியில் போனார். எந்த ஒப்பந்தமும் முழுமையாகாது. ஆகவே எழுதாமல் விட்ட விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி, சொத்து யார் கையிலோ அந்த உரிமையும் அவர் கையில் என்றார். 2016-ல் அவருக்கும் பெங்க்ட் ஹோம்ஸ்ட்ரோமுக்கும் நோபல் கிடைத்தது. டை மேல் திருகிய அந்தச் சின்னத் தகடு செய்யும் வேலையும் இதுதான்.

இப்படி ஒப்பந்தம் எழுதுவதை மனப்பாடத்தில் கற்க முடியாது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, கம்பெனித் தரப்புக்கு ஒரு ரகசியத் தாள், வெண்டர் தரப்புக்கு ஒன்று கொடுக்கவேண்டும். கம்பெனியின் தாளில், அடுத்த வருஷம் மாடலை நிறுத்தும் யோசனை இருக்கிறது, வெளியே சொல்லாதே என்றிருக்கும். வெண்டரின் தாளில், டைக்காக வாங்கிய வங்கிக் கடனின் தவணைத் தேதி இருக்கும். லைன் நின்றால் நிமிஷத்துக்கு இவ்வளவு அபராதம் என்று ஒருவர் கம்பீரமாக எழுதுவார். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைப் படித்த எதிராளி சிரிப்பார்: எழுதிய தொகை உச்சவரம்புதான், கோர்ட் நியாயமானதை மட்டுமே தரும்.

பிறகு பேச்சு டைக்கு வரும். ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாளில் கம்பெனியின் டிரெய்லர் கேட்டுக்குள் வரலாம்? பாக்கி தீரும்வரை டையைப் பிடித்து வைப்பேன் என்பார் வெண்டர் பக்கத்து மாணவி. அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடு என்பார் எதிரே இருப்பவர். விட்டுக்கொடுக்கும் வரி இப்படியான ஒப்பந்தங்களில் ஏற்கெனவே அச்சடித்தே வரக்கூடும். கையெழுத்துப் போடுமுன் அதைக் கண்டுபிடித்து, பாதித் தொகை வங்கியில் விழுந்தபின் டிரெய்லர் வரட்டும் என்று மாற்றி எழுத வைத்துவிட்டால், அந்த மாணவிக்கு 45-க்கு 45 போடலாம்.