வெறுங்கால் ஓட்டம்: எவர்க்கு, எவ்வளவு?

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவம் பெற எங்களிடம் வருவோரும், அவர்களுக்குத் துணையாக வரும் பிள்ளைகளும் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “டாக்டர், நெடுந்தூரம் ஓடிப் பழகலாமா? ஷூ இல்லாமல் ஓடுவதுதான் இயற்கை என்கிறார்களே, உண்மையா?”

எங்கள் மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களுமாகச் சிலர் சேர்ந்து ஓடி வருகிறோம். பரிசு பெறும் எண்ணம் எங்களில் எவர்க்கும் இல்லை. அரை மாரத்தான் எனப்படும் 21.1 கிலோமீட்டர் தூரத்தைக் காயமின்றி ஓடி முடிப்பதே குறிக்கோள். எங்கள் பயிற்சிக் காலத்தின் நடுப்பகுதியில் வரும் ஒரு வாரத்தை முன்வைத்து அக்கேள்விக்கு விடை கூறுகிறோம்.

ஒரு வாரம்

திங்கள்: முழு ஓய்வு.
செவ்வாய்: 5 கி.மீ. மெதுவான ஓட்டம். அதன்பின் புல்தரையில் 5 நிமிடம் வெறுங்கால் ஓட்டம்.
புதன்: ஓட்டம் இல்லை. குதிகாலை உயர்த்தி இறக்குதல், உட்கார்ந்து எழுதல் ஆகிய தசைப் பயிற்சிகள்.
வியாழன்: 6 கி.மீ. இதன் நடுவே ஒரு நிமிடம் விரைவாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் ஆறு முறை மாறி மாறி ஓட்டம்.
வெள்ளி: ஓய்வு.
சனி: 4 கி.மீ. மெதுவான ஓட்டம். அதன்பின் 10 நிமிடம் வெறுங்கால் ஓட்டம்.
ஞாயிறு: 10 கி.மீ. நெடுந்தொலைவு ஓட்டம், மெதுவாக.

மொத்தம் 25 கி.மீ. இதில் பெரும்பகுதி, உடன் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச இயலும் வேகத்தில் அமைகிறது. வெறுங்கால் ஓட்டமோ வாரம் முழுவதற்கும் 15 நிமிடம் மட்டுமே. இவ்வளவு குறைவாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தசைகளும் பழகிவிடுகின்றன. மூச்சிரைப்புக் குறைகிறது, இன்னும் ஓடலாம் என்ற ஊக்கம் பிறக்கிறது. ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. ஓட்டத்தின் சுமையால் எலும்பில் நுண்ணிய சேதங்கள் தோன்றுகின்றன. உடல் முதலில் அப்பகுதியை அரித்து நீக்கிவிட்டு, பின்னரே புதிய எலும்பை இட்டு நிரப்புகிறது. இப்பணி முடியச் சில மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அவ்விடம் சற்றே வலுக்குன்றியிருக்கும். அந்நேரத்தில் சுமையை ஏற்றிக்கொண்டே போனால் அழுத்த முறிவு ஏற்படுகிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு தெரியாமலும் போகலாம். திங்களும் வெள்ளியும் ஓய்வு நாள்களாக இருப்பது இதன் பொருட்டே.

காலணியைக் கழற்றினால் நிகழ்வது

வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்களில் பலர், குதிகாலைத் தரையில் மோதாமல் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள். இதனால் தரையில் மோதும் அதிர்ச்சி குறைகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. எனினும் சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. முழங்கால் பெறும் ஓய்வுக்கு விலையாகக் கெண்டைக்கால் தசையும், குதிகால் தசைநாணும், பாதத்தின் முன்பகுதி எலும்புகளும் கூடுதலாக உழைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஷூ அணிந்த பாதம் ஒரே வாரத்தில் இதற்குப் பழகாது.

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் ஓடி வென்றார். 1964-இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து, முன்னைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி மீண்டும் வென்றார். இரண்டு வெற்றிகளுக்கும் அடிப்படை நீண்ட காலப் பயிற்சியே.

உடல்நலம் உள்ளோர் வெறுங்காலுடன் ஓட விரும்பினால் முதல் சில வாரங்கள் நடை மட்டும் போதும். பின்னர் வாரம் இருமுறை, சில நிமிடங்கள் ஓடலாம். கண்ணாடித் துண்டும் முள்ளும் இல்லாத தரையை, வெளிச்சம் வந்தபின் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அசுத்தமான ஈர மண் வழியே கொக்கிப் புழு தொற்றக்கூடும். டெட்டனஸ் தடுப்பூசி முறையாகப் போடப்பட்டுள்ளதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எவர் வெறுங்காலுடன் ஓடலாகாது?

நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், முன்பு பாதப்புண் வந்து ஆறியவர்கள் ஆகியோர் வெறுங்காலுடன் ஓடவும் கூடாது, நடக்கவும் கூடாது. வலி என்பது பாதத்தின் காவலாளி. அக்காவலாளி உறங்கும் பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. நண்பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தவரும், பாதயாத்திரை சென்றவரும், வீடு திரும்பிய பின்னரே கொப்புளத்தைக் காண்பதுண்டு. அக்கொப்புளம் புண்ணாகி, சீழ் வைத்து, விரலையே அகற்ற வேண்டிய நிலைக்கும் கொண்டுசெல்லலாம்.

இதனை முன்கூட்டியே அறிய எளிய சோதனை உண்டு. மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு, உணர்கிறீர்களா எனக் கேட்போம். சில நிமிடங்களில் முடியும், வலி இராது. சர்க்கரை நோய் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

இவர்கள் உடற்பயிற்சியையே கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. பாதத்துக்குப் பொருந்தும் காலணியுடன் நடக்கலாம். நிலையான சைக்கிள் மிதிக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்வோர் தொடங்குமுன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, 15 கிராம் குளுக்கோஸைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். மாரடைப்போ இதய அறுவையோ கண்டவர்கள், தங்கள் இதய மருத்துவர் கூறும் அளவைத் தாண்டலாகாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• மார்பில் அழுத்தம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், படபடப்பு: உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.
• பாத எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலி, ஓடும்போது கூடும் வலி: ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும்.
• பாதத்தில் சிவப்பு, வீக்கம், சூடு, கொப்புளம், கசிவு: சர்க்கரை நோயாளிகள் அன்றே வந்துவிட வேண்டும்.

உடனிருந்து பேணும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் உறங்கச் செல்லுமுன் நோயாளியின் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும், குதிகால்களையும் விளக்கொளியில் பாருங்கள். காலணி அணியுமுன் அதனுள்ளே கையை விட்டுக் கல்லோ ஆணியோ உள்ளதா எனத் தடவிப் பாருங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். உணர்விழந்த பாதத்தின் காவலை அந்நேரத்தில் உங்கள் கண்களும் கைகளும் ஏற்கின்றன.