மடியில் மலரும் புத்தகம்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளந்தாய் ஒருத்தி என்னிடம் குறைபட்டுக் கொண்டாள். "சாமி, பிள்ளைக்கு இரண்டு வயது. புத்தகத்தை எடுத்தால் பிடுங்கி வாயில் வைக்கிறான். செல்போனைக் கொடுத்தால்தான் அசையாமல் இருக்கிறான். இவனுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது?"

அசையாமல் இருப்பதா மழலைக்கு இயல்பு? துள்ளுவதன்றோ அதன் இயல்பு! அந்தத் துள்ளலை அடக்காமல், அதனோடு சேர்ந்து படிப்பதே வழி.

இதை நன்குணர்ந்தவர் நம் செட்டிநாட்டிலேயே தோன்றினார். இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடினார். அவருடைய 'மலரும் உள்ளம்' 1944-இல் வெளிவந்தது. 1989-இல் அவர் மறைந்தபோதும் 'குழந்தைக் கவிஞர்' என்ற பெயர் மறையவில்லை. எளிய சொல்லும் துள்ளும் ஓசையுமே அவர் வெற்றிக்குக் காரணம். பொருள் விளங்குமுன்னரே ஓசை குழந்தையைக் கவர்ந்துவிடுகிறது.

ஆகவே பெற்றோரே, ஓசையிலிருந்து தொடங்குங்கள். படத்தில் காக்கை வந்தால் கரையுங்கள். யானை வந்தால் குழந்தையை முதுகில் ஏற்றி அசைந்து நடங்கள். பழகிய பாட்டின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் சற்று நிறுத்துங்கள். குழந்தையே அதை நிரப்பிக் களிக்கும். பக்கத்தை அதுவே புரட்டட்டும். நடுவில் தொடங்கினாலும் தவறில்லை. ஒரே கதையைப் பத்து முறை கேட்டாலும் சலிப்படையாதீர்கள். திரும்பக் கேட்பதில்தான் சொல் மனத்தில் வேரூன்றுகிறது. எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்தினால் புத்தகம் பகையாகிவிடும். மெல்லுகிற வயதில் கெட்டி அட்டைப் புத்தகமே ஏற்றது.

எழுத்தறியாத அப்பத்தாவும் இதற்கு உதவலாம். படத்தைக் காட்டி, தமக்குத் தெரிந்த கதையைச் சொன்னால் போதும்.

கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாய்விட்டுப் படித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. செல்போனும் பேசும்; ஆனால் குழந்தையின் மழலைக்கு அது மறுமொழி கூறுமா? முகம் பார்த்துச் சிரிக்குமா? கேட்பதும் மறுமொழி பெறுவதுமாகவே மொழி வளர்கிறது. அந்த வயது கடந்துவிட்டால் திரும்ப வராது.

சில வாரங்களுக்குப்பின் அத்தாயைக் கண்டேன். "இப்போதும் ஓடத்தான் செய்கிறான், சாமி. ஆனால் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்!" என்று சிரித்தாள்.

இன்றிரவு உங்கள் இல்லத்திலும் பத்து நிமிடம் செல்போனை ஒதுக்கிவைத்து, பிள்ளையை மடியில் இருத்திப் பாருங்களேன்!